சீனி சூன் பாணுக்குப் பயப்பிடுறதை விட்டிட்டுது

குரூப்: வெள்ளவத்தைச் சொந்தங்கள்

சின்னக்கா: எல்லாருக்கும் காலை வணக்கம். எங்கட குதிரை சீனி இண்டைக்கு, பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் விக்க வாற சூன் பாண் ஓட்டோ கேற்றடியால போகேக்க நிண்டு பாத்துக்கொண்டே இருந்துது, ஓடேல்ல!! வீடியோ போட்டிருக்கிறன், காதைப் பாருங்கோ

மாமி: நுவரெலியாவில லேக் பக்கம் சவாரி ஓடினது எண்டு சொன்னியே அதுதானே? இன்னும் குட்டியாவே இருக்கு பிள்ளை, சாப்பாடு காணாதோ

சின்னக்கா: இல்ல மாமி அது வளர்ந்த குதிரைதான், மட்டக்குதிரை. தோள்மேடு வரைக்கும் 148 சென்ரிமீற்றருக்கு மேல வராது. சாப்பாடு கூடினாத்தான் இதுகளுக்குப் பிரச்சினை, குளம்பில வருத்தம் வந்திடும்

பெரியம்மா: நெடுந்தீவில நாங்க சின்னனில எவ்வளவு பாத்தனாங்கள். வெளியில கூட்டமா மேயும், ஒரு ஆள் கிட்டப் போனா எல்லாம் ஒண்டா ஓடிடும்

மச்சான்: அக்கா நான் அண்டைக்கு பத்தரமுல்லைக்கு வந்தப்ப இது நாலு காலையும் ஊண்டிக்கொண்டு நிண்டுதே, மூண்டு பேர் தள்ளியும் அசையேல்ல. ரெண்டு போட்டிருந்தா போயிருக்கும் எண்டு இப்பவும் நினைக்கிறன்

சின்னக்கா: போயிருக்கும் மச்சான், எங்க போயிருக்கும் எண்டுதான் தெரியாது 🙏 குதிரை ஓடித் தப்பிப் பிழைக்கிற மிருகம், பயந்தா ஓடப் பாக்கும், கயிறு கட்டி ஓட விடாட்டி அப்பிடியே விறைச்சுப் போய் நிக்கும், அதைத்தான் நாங்க பிடிவாதம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறம். அந்த நேரம் அடிச்சா பாண்காரர் வந்தா அடியும் விழும் எண்டு அதுக்குப் பதிஞ்சிடும், பிறகு பாட்டு தூரத்தில கேக்கவே வெருளும்

சின்னக்கா: முதல்ல மிருக வைத்தியரைக் கூப்பிட்டுப் பல்லு முதுகு குளம்பு எல்லாம் காட்டினது. குதிரைக்கு கடவாய்ப் பல்லு ஓரம் கூராகி கன்னத்தில வெட்டும், அதோட கடிவாளத்தைப் பிடிச்சு இழுத்தா எப்பிடி முன்னுக்கு வரும் பாவம். நோவு இருக்கேக்க ஒரு பழக்கமும் சரிவராது

தங்கச்சி: அக்கா அப்ப எப்பிடித்தான் நடக்க வச்சீங்கள்? சனிக்கிழமை என்ர மகள் அதில ஏறப்போறாள், எனக்கு இப்பவே நெஞ்சு இடிக்குது

சின்னக்கா: கயிறை இழுத்துப் பறிக்கிறதே இல்ல. லேசா ஒரு பிடி, அதைக் கூட்டுறதும் இல்ல குறைக்கிறதும் இல்ல, அப்பிடியே வச்சிருப்பன். அது கால் எடுத்து வைக்கும் வரைக்கும் கூடப் பாக்கிறேல்ல, உடம்புப் பாரம் கொஞ்சம் முன்னுக்குச் சாஞ்சாலே உடன விட்டிடுவன். இழுக்கேக்க அது ஒண்டும் படிக்கிறேல்ல, விடுற நேரத்திலதான் "ஓ இதைத்தான் கேட்டவையோ" எண்டு பிடிக்கும். பிந்தி விட்டா வேற எதையோ படிச்சிடும்

சின்னக்கா: பாட்டுக்கு என்ன செய்தன் எண்டா, அது புல்லுத் தின்னேக்க லாயத்தின்ர மற்றத் தொங்கல்ல போனில அந்த ரியூனை மெல்லிசாப் போடுவன். ஒரு காது திரும்பும், வாய் அரைச்சுக்கொண்டே இருக்கும், அது நல்லது. வாய் நிண்டா சத்தம் கூடிட்டுது எண்டு குறைச்சிடுவன். பிறகு பாண்காரரோட கதைச்சன், தங்கமான மனுசன், பாட்டை நிப்பாட்டிப்போட்டு வண்டியை ஓரமா விட்டுத் தந்தார். கிட்டக் கொண்டுபோய் அது தலையைத் தூக்க முதலே நானே திருப்பிக்கொண்டு வந்திடுவன், திரும்பவும் போறது, திரும்பவும் வாறது. கடைசியில ஒருநாள் தானா மூக்கை நீட்டி அந்தக் கண்ணாடிப் பெட்டியை மோந்துது, "மாலு பாண் (மீன் வச்ச பணிஸ்) வேணுமாம்" எண்டு அவர் சிரிச்சார்

அண்ணா: கரட் ஒண்டைக் காட்டிக் கூட்டிக்கொண்டு போகேலாதோ

சின்னக்கா: கையில குடுத்துப் பழக்கினா பொக்கற்றைக் கடிக்கத் தொடங்கிடும் அண்ணா, நான் வாளிக்குள்ளதான் போடுறது. அதைவிடப் பிடரிமயிர் முடியிற இடத்தில, தோள்மேட்டடியில நல்லாச் சொறிஞ்சு விட்டாலே காணும், குதிரையள் ஒண்டுக்கொண்டு பல்லால சொறிஞ்சு விடுறது அந்த இடத்திலதான், அப்ப நாடித்துடிப்பும் குறையும். சீனிக்குக் கீழ்ச் சொண்டு நீண்டு துடிக்கும், கண் பாதி மூடிடும்

பெரிய மாமா: பிள்ளை, நான் படிப்பிச்ச காலத்தில மாணவருக்குச் சொல்லுற கதை ஒண்டு. பெர்லினில ஹான்ஸ் எண்டொரு குதிரை குளம்பால தட்டிக் கணக்குக்கு விடை சொல்லுது எண்டு ஊரே திரண்டது. 1907 இல ஒஸ்கார் ப்ஃபுங்ஸ்ட் ஆராய்ஞ்சு பாத்தா, அதுக்குக் கணக்குத் தெரியாது, கேக்கிறவரின்ர தலையும் முகமும் துளி அசையிறதைப் பாத்துத்தான் தட்டுறதை நிப்பாட்டியிருக்கு. கேக்கிறவருக்கே தான் அசைஞ்சது தெரியாது!

சின்னக்கா: அதேதான் மாமா!! தங்கச்சி இதைக் கவனி. பிள்ளை மேல இருந்து மூச்சைப் பிடிச்சா சீனிக்கு உடன தெரியும், இவளே பயப்பிடுறாள் எண்டா முன்னுக்கு ஏதோ இருக்கு எண்டு நினைக்கும். அவளை ஏழாம் வாய்ப்பாட்டைச் சத்தமாச் சொல்லச் சொல்லு, சொல்லிக்கொண்டிருந்தா மூச்சு தானா ஓடும். நான் கயிறோட பக்கத்தில நடப்பன், பத்து நிமிசம் காணும், நல்லா நடந்தா உடன இறக்கிடுவன், இன்னும் ஒரு ரவுண்ட் எண்டு கேட்டாலும் இல்ல

தங்கச்சி: ஏழாம் வாய்ப்பாடு அவளுக்கு இன்னும் தட்டுது அக்கா, ஐஞ்சு சொல்லச் சொல்லுறன். மழைத்தண்ணி நிண்டா தாண்டுமோ?

சின்னக்கா: அது இன்னும் இல்ல. மூக்குக்கு நேர கீழ அதுக்குக் கண் தெரியாது, தண்ணி எவ்வளவு ஆழம் எண்டும் தெரியாது, அதால தலையைக் குனிஞ்சு பாக்க விடவேணும், இப்ப ஒரு முன்னங்காலை வச்சுத் தட்டிப் பாக்குது. சனிக்கிழமை தண்ணிப் பக்கம் போகமாட்டம், பயப்பிடாத

மாமி: நானும் வாறன், கிட்ட நிண்டு பாக்கலாமோ

சின்னக்கா: வாங்கோ மாமி, வெயிலேற முதல் 6 மணிக்கே வந்திடுங்கோ. பின்பக்கத்தால வராதேங்கோ, தோள்ப்பக்கமா கதைச்சுக்கொண்டு வாங்கோ. தங்கச்சி, பிள்ளைக்குக் குதி வச்ச சப்பாத்து போட்டுவிடு, ஹெல்மெட் இங்க இருக்கு. குடை கொண்டு வந்தாலும் விரிக்க முதல் என்னட்டச் சொல்லுங்கோ, சீனிக்குக் குடை இன்னும் பழக்கேல்ல

மாமி: சரி பிள்ளை, குடையை வானுக்குள்ளயே விட்டிட்டு வாறன்