மோர்மன் மதம் நெஜமா எப்படி ஆரம்பிச்சது? பக்கத்து வீட்டுத் தாத்தா ஒண்ணு சொல்றார், யூட்யூப் வேற சொல்லுது

லீஹை_வாசி

வணக்கம் மக்களே. வேலை மாத்தி யூட்டா வந்து நாலு மாசம் ஆகுது, இருக்கறது லீஹைங்கற ஊர்ல. வந்த ரெண்டாவது நாளே பக்கத்து வீட்டுத் தாத்தாவும் பாட்டியும் வீட்ல சுட்ட ப்ரெட்டோட வந்து நின்னாங்க, தங்கமான மனுஷங்க, பனி கொட்டினா நான் எந்திரிக்கறதுக்குள்ள எங்க வாசலையும் சேத்து தள்ளி விட்டுடறார். போன வாரம் நீல அட்டை போட்ட மோர்மன் புத்தகம் ஒண்ணு குடுத்துட்டு "உங்க ஊர் பேரே இதுலருந்து வந்ததுதான்"னு சிரிச்சார். லீஹைங்கறவர் அதுல வர்ற தீர்க்கதரிசியாம், கிமு 600 வாக்குல ஜெருசலேம விட்டு குடும்பத்தோட கெளம்பி கப்பலேறி அமெரிக்கா வந்தாராம்.

புத்தகத்தோட ஆரம்பத்துலயே மூணு பேர் சாட்சி, அப்புறம் எட்டு பேர் சாட்சி, இந்தப் புத்தகத்துக்கு மூலம்னு சொல்ற தங்கத் தகட்ட கண்ணால பாத்தோம்னு பேரோட போட்டிருக்கு. சரின்னு ராத்திரி யூட்யூப் போனா, இந்த மதத்த ஆரம்பிச்ச ஜோசப் ஸ்மித் ஒரு கல்ல தொப்பிக்குள்ள போட்டு மூஞ்சிய அதுல பொதைச்சுகிட்டு சொல்லச் சொல்ல ஒருத்தர் எழுதினார், முன்னாடி புதையல் தோண்டற வேலை பாத்தார், கடைசில ஜெயில்ல வச்சு சுட்டுட்டாங்கன்னு என்னென்னமோ வருது. தாத்தாகிட்ட கேக்க கூச்சமா இருக்கு. இதுல எது எல்லாரும் ஒத்துக்கற விஷயம், எதுல சண்டை? கிண்டல் வேணாம், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பழைய_பேப்பர்

நீங்க யூட்யூப்ல பாத்த அந்த மூணுமே உண்மைதான், சபையே இப்ப ஒத்துக்குது. சண்டை அதுக்கு அடுத்த படியில.

ஜோசப் ஸ்மித் பொறந்தது 1805 டிசம்பர், வெர்மான்ட்ல. ஏழை விவசாயக் குடும்பம். 1816ல அந்தப் பக்கம் கோடையே வரல, ஜூன் மாசத்துல பனி கொட்டுச்சு, காரணம் முந்தின வருஷம் இந்தோனேசியாவுல தம்போரா எரிமலை வெடிச்சது. பயிர் போச்சு, குடும்பம் நியூயார்க் மாநிலத்துல பால்மைராங்கற ஊருக்கு வந்து சேந்துச்சு. அங்க அப்ப தெருவுக்குத் தெரு எழுப்புதல் கூட்டம், மெதடிஸ்ட், பாப்டிஸ்ட், பிரஸ்பிடேரியன்னு ஆளாளுக்கு எங்க சபைக்கு வா எங்க சபைக்கு வான்னு இழுக்கற காலம், ஸ்மித் வீட்லயே ஆளுக்கு ஒரு பக்கம். எந்தச் சபைல சேரறதுன்னு காட்டுக்குள்ள போய் ஜெபம் பண்ணினேன், தரிசனம் கெடைச்சதுன்னு அவர் பின்னாடி சொன்னார். அப்புறம் 1823ல மொரோனைங்கற தூதன் வந்து பக்கத்துக் குன்றுல தங்கத் தகடு பொதைஞ்சிருக்குன்னு சொன்னான், நாலு வருஷம் கழிச்சு 1827 செப்டம்பர்ல அது கைக்கு வந்துச்சுங்கறது சபை சொல்ற வரலாறு.

இந்த நாலு வருஷ கேப்ல என்ன நடந்துச்சுங்கறதுதான் புதையல் மேட்டர். நம்ம ஊர்ல வெத்தலைல மை தடவி காணாமப் போன நகைய பாக்கறாங்கல்ல, அதே மாதிரி அங்க கல்லு. கெணறு தோண்டும்போது கெடைச்ச ஒரு கல்ல வச்சு மறைஞ்சு கெடக்கறத பாக்க முடியும்னு அந்தப் பையனுக்கு ஊர்ல பேர் இருந்துச்சு. ஜோசையா ஸ்டோவல்னு ஒரு விவசாயி 1825ல ஸ்பெயின்காரன் பொதைச்ச வெள்ளிய தேடறதுக்காக கூலிக்கு கூட்டிட்டுப் போனார். வெள்ளி கெடைக்கல, ஆனா தங்கப் போன வீட்டுப் பொண்ணு எம்மா கெடைச்சா, 1827 ஜனவரில கல்யாணம். நடுவுல 1826ல இந்தக் கல்லு பாக்கற விஷயமா ஒரு நீதிபதி முன்னாடி நிறுத்தியிருக்காங்க, அந்தச் செலவு பில்லு 1971ல கெடைச்சது. தொகை 2 டாலர் 68 சென்ட், அதுல "கண்ணாடி பாக்கறவன் ஜோசப் ஸ்மித்"ங்கற அர்த்தத்துல எழுதியிருக்கு. நம்பாதவங்களுக்கு அந்தக் காகிதம் ஒண்ணு போதும். நம்பறவங்க என்ன சொல்வாங்கன்னா அந்தக் காலத்துல கிராமத்துல பாதிப் பேர் அப்படித்தான், கடவுள் ஆள எடுக்கும்போது அவன் கைல இருக்கறதயேதான் எடுப்பார்னு.

கெணத்தடி_கிறுக்கன்

மேல இருக்கறவர் ரொம்ப பதவிசா எழுதிட்டார். நான் ஒரே ஒரு சம்பவத்த மட்டும் சொல்றேன், படிச்சுட்டு நீங்களே முடிவு பண்ணுங்க.

மார்ட்டின் ஹாரிஸ்னு வசதியான விவசாயி. 1828ல இவர்தான் எழுத உக்காந்தவர், நடுவுல தெரை மாதிரி ஒரு போர்வை, அந்தப் பக்கம் ஸ்மித், இந்தப் பக்கம் பேனாவோட ஹாரிஸ். 116 பக்கம் ஆச்சு. வீட்ல பொண்டாட்டி லூசி, எவனோ ஒருத்தனுக்கு காசக் கொட்டறியேன்னு பிடிபிடின்னு பிடிக்கறாங்க. மனுஷன் அந்தப் பேப்பர ஒரு தடவ வீட்ல காட்டிட்டு வரேன்னு கெஞ்சறார், கடவுள் வேணாம்னுட்டார்னு பதில், திரும்ப கெஞ்சறார், திரும்ப வேணாம், மூணாவது தடவ சரி எடுத்துட்டுப் போன்னு அனுமதி. எடுத்துட்டுப் போனது போனதுதான், 116 பக்கமும் காணாமப் போச்சு. லூசியம்மா அடுப்புல போட்டுட்டாங்கன்னு ஒரு பேச்சு, ஆனா இன்னிக்கு வரைக்கும் கெடைக்கல.

இப்ப யோசிங்க, தகடு கைலதான் இருக்கு, கல்லும் இருக்கு, அப்ப திரும்ப அதே 116 பக்கத்த சொல்ல வேண்டியதுதானே? வரல. எதிரிங்க அந்தப் பேப்பர்ல வார்த்தைய மாத்தி வச்சிருக்காங்க, நான் திரும்பச் சொன்னா ஒத்துப் போகலன்னு மாட்டி விடுவாங்க, அதனால அதே காலத்து கதையச் சொல்ற வேற தகடு இருக்கு, அதுலருந்து மொழிபெயர்க்கச் சொல்லி வெளிப்பாடு வந்துச்சுன்னுட்டார். அவ்வளவுதாங்க.

இந்த ஹாரிஸ்தான் அப்புறமா தோட்டத்த அடமானம் வச்சு 3000 டாலர் அச்சுக்கூலிக்கு பொறுப்பேத்தார். 1830 மார்ச்ல பால்மைராலயே 5000 பிரதி. முதல் பதிப்புல ஸ்மித் பேருக்கு நேரா "ஆசிரியர், உரிமையாளர்"னு அச்சடிச்சிருக்கும், அத நான் ரொம்ப ரசிப்பேன்.

சென்னை_சகோதரன்

நான் மெம்பர். 11 வருஷம் ஆச்சு ஞானஸ்நானம் எடுத்து. மொதல்ல ஒண்ணு, 2018லருந்து மோர்மன்னு கூப்பிடாதீங்க, பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபைன்னு முழுப் பேர் சொல்லுங்கன்னு எங்க தலைவர் கேட்டுகிட்டார். தாத்தாகிட்ட பேசும்போது சும்மா "உங்க சபை"ன்னு சொல்லிப் பாருங்க, சந்தோஷப்படுவார்.

கிறுக்கன் ப்ரோ, "உரிமையாளர்" மேட்டர் அந்தக் காலத்து காப்பிரைட் சட்டத்துல பதிவு பண்ண அப்படி ஒரு வாசகம் தேவைப்பட்டுச்சு, அத வச்சு ரசிக்க ஒண்ணுமில்ல. 116 பக்கம் தொலைஞ்சதுக்கு எங்க பதில் உங்களுக்குத் தெரியும், 2000 வருஷம் முன்னாடியே கடவுள் ரெண்டாவது தகட்ட தயார் பண்ணி வச்சிருந்தார். நீங்க நம்பப் போறதில்ல, விடுங்க.

ஆனா நீங்க தொடாம தாண்டிப் போன பக்கத்த சொல்றேன். ஹாரிஸ் போனப்புறம் 1829 ஏப்ரல்ல ஆலிவர் கௌடரிங்கற வாத்தியார் எழுத வந்தார், ஜூன் கடைசிக்குள்ள வேலை முடிஞ்சிருச்சு. அச்சுல கிட்டத்தட்ட 590 பக்கம். சொன்னவருக்கு வயசு 23, சரியா ஸ்கூல் போனதில்ல. நூத்துக்கணக்கா பேரு, ஊரு, போரு, ஒரு கதைக்குள்ள இன்னொரு கதை, நடுவுல நிறுத்திட்டு சாப்பிடப் போய் வந்தா கடைசி வரிய படின்னு கேக்காம விட்ட எடத்துலருந்தே தொடருவாராம். அத ஒரு நாள் உக்காந்து சொல்லிப் பாருங்க யாராவது.

சாட்சி விஷயமும் அப்படித்தான். கௌடரி, டேவிட் விட்மர், ஹாரிஸ், மூணு பேருமே 1838க்குள்ள சபையோட சண்டை போட்டு வெளிய வந்துட்டாங்க. ஏமாத்து வேலைன்னா உடைச்சு விட அதவிட நல்ல நேரம் ஏது? ஒருத்தர்கூட பாத்தது பொய்னு சொல்லல. ரெண்டு பேர் பின்னாடி திரும்பி வந்தாங்க, விட்மர் திரும்பவே இல்ல, 1888ல சாகற வரைக்கும் பாத்தது பாத்ததுதான்னே சொன்னார்.

பழைய_பேப்பர்

விட்மர் பேரு வந்ததால குறுக்க வரேன். சாகறதுக்கு முந்தின வருஷம் அவர் ஒரு சின்னப் புத்தகம் போட்டார். அதுல தகட்டப் பாத்தது சத்தியம்ங்கறார், கூடவே என்ன சொல்றார்னா, நான் சொல்றத நம்பறவங்க இதையும் நம்பணும், 1838ல அதே கடவுள் வானத்துலருந்து தன் குரல்ல பேசி அந்தக் கூட்டத்த விட்டு விலகுன்னு எனக்குச் சொன்னார்னு. சாட்சிய முழுசா எடுத்தா சபைக்கு இடிக்கும், தள்ளினா நம்பாதவங்களுக்கு வசதி, ஆனா அந்த மனுஷனப் பாத்தா பொய் சொல்றவர் மாதிரியும் தெரியல. நான் இத்தன வருஷமா படிக்கறேன், விட்மர்கிட்ட வந்தா ஒவ்வொரு தடவையும் மாட்டிக்கறேன்.

அம்மிக்கல்

எல்லாரும் ஆம்பளைங்கள பத்தியே பேசறீங்க, அந்த எம்மாவ ஒரு தடவ பாருங்களேன்.

1879ல, சாகறதுக்கு கொஞ்ச மாசம் முன்னாடி, எம்மாவோட மூத்த மகன் உக்கார வச்சு கேள்வி கேட்டு எழுதி வச்சிருக்கார். தகடு மேசை மேல துணி சுத்தி கெடக்கும், நான் தூசி தட்டும்போது நகத்தி வைப்பேன், துணிக்கு மேலயே ஓரத்த விரலால தடவினா கெட்டிக் காகிதம் புரள்ற மாதிரி இருக்கும், உலோகச் சத்தம் வரும்னு சொல்றாங்க. வீட்டு வேலை செய்யற பொம்பளை சொல்ற மாதிரியே இருக்கா? எனக்கு மொத தடவ படிச்சப்ப புல்லரிச்சுது. அந்தக் காலத்துல என் புருஷனுக்கு ஒரு லெட்டர்கூட ஒழுங்கா சொல்லி எழுத வைக்க வராதுன்னும் அதுலயேதான் வருது, சகோதரன் சொல்ற வாதத்துக்கு பெரிய தூணே இந்தப் பேட்டிதான்.

ஆனா அதே பேட்டில மகன் இன்னொண்ணும் கேக்கறார், அப்பாவுக்கு வேற பொண்டாட்டிங்க இருந்தாங்களா? இல்லவே இல்ல, நான் ஒருத்திதான், அப்படி எதையும் அவர் சொல்லிக் குடுக்கவும் இல்லன்னு பதில். சபை 2014ல தானே வெளியிட்ட கட்டுரைல 30லருந்து 40 கல்யாணம் வரைக்கும் இருந்திருக்கலாம்ங்கற கணக்கு இருக்கு, சில பேர் எம்மாவோட வீட்லயே தங்கி வேலை பாத்த பொண்ணுங்க. அந்தம்மாவுக்குத் தெரியாதுன்னு என்னால நம்ப முடியல. அப்ப துணி மேல கேட்ட சத்தம் மட்டும் எப்படி நெஜமாகும்? சபை முதல் பாதிய எடுத்துக்குது, எம்மா மகன் தலைமைல 1860ல பிரிஞ்சு நின்ன கூட்டம் ரெண்டு பாதியையும் ரொம்ப காலம் பிடிச்சுகிட்டு இருந்துச்சு, நம்பாதவங்க ரெண்டையும் தள்றாங்க.

எம்மா யூட்டாவுக்கு வரவே இல்ல தெரியுமா? புருஷன் செத்தப்புறம் சபைய யூட்டாவுக்கு கூட்டிட்டு வந்த ப்ரிகாம் யங் கூட போகாம இல்லினாய்லயே தங்கிட்டாங்க.

கெணத்தடி_கிறுக்கன்

அக்கா செமயா சொன்னீங்க. கல்யாணம்னதும் ஜெயில் கதை பாக்கியிருக்கு. 1844 ஜூன்ல இல்லினாய்ல இவங்க குடியிருந்த நாவூ ஊர்லயே சபைய விட்டு வந்தவங்க ஒரு பத்திரிகை ஆரம்பிச்சு, ஸ்மித் ரகசியமா பல கல்யாணம் பண்றார்னு போட்டாங்க. ஒரே இதழ்தான் வந்துச்சு. மேயர் யாரு? ஸ்மித்தே! ஊர் கவுன்சில் முடிவு பண்ணி அச்சு மெஷின உடைச்சாங்க, அதுல கேஸாகி கார்த்தேஜ் ஜெயில், ஜூன் 27 ஒரு கும்பல் மூஞ்சில கருப்பு பூசிகிட்டு வந்து அவரையும் அண்ணன் ஹைரமையும் சுட்டுக் கொன்னுச்சு. நியாயமே இல்லாத கொலை, அதுல எனக்கு ரெண்டாவது பேச்சு இல்ல. அதுக்கு ஆறு வருஷம் முன்னாடி மிசௌரி கவர்னர் இவங்கள எதிரியா நடத்து, ஒழிச்சுக் கட்டு இல்ல மாநிலத்த விட்டு வெரட்டுன்னு ஆர்டரே போட்டிருக்கார், மூணாவது நாள் ஹான் மில்லுங்கற இவங்க குடியிருப்புல 17 பேர கொன்னாங்க. ஒங்க தாத்தாவோட பூட்டன் பூட்டி அப்படி வெரட்டப்பட்டு வந்தவங்களா இருக்கலாம், கேட்டா விடிய விடிய சொல்வார்.

என்னோட பிரச்சனை வேற. தகடு இல்ல, தூதன் எடுத்துட்டுப் போயிட்டான், சரி பாக்க முடியாது. ஆனா 1835ல ஸ்மித்தும் கூட்டாளிங்களும் நாலு எகிப்து மம்மியும் பாப்பிரஸ் சுருளும் 2400 டாலருக்கு வாங்கினாங்க, இது ஆபிரகாம் எழுதினதுன்னு ஸ்மித் சொன்ன மொழிபெயர்ப்பு இன்னிக்கும் வேதமா இருக்கு. அதோட சில துண்டு 1967ல மெட்ரோபாலிட்டன் மியூசியத்துலருந்து சபை கைக்கே திரும்பி வந்துச்சு. எகிப்து எழுத்து படிக்கத் தெரிஞ்சவங்க பாத்தா ஹோர்ங்கற பூசாரிய அடக்கம் பண்ணும்போது வச்ச சடங்கு ஏடு, ஆபிரகாம் பேச்சே அதுல இல்ல.

சென்னை_சகோதரன்

அந்தத் துண்டுல இல்லங்கறத சபையே 2014ல எழுதியிருக்கு ப்ரோ. மிச்ச சுருள் எரிஞ்சு போச்சு, அதுல இருந்திருக்கலாம்னு சிலர், பாப்பிரஸ் ஒரு தூண்டுதல், வெளிப்பாடு தனியா வந்துச்சுன்னு சிலர். நான் ரெண்டாவது பக்கம். எனக்கும் இது ஈசியா இல்ல, மூணு மாசம் தூக்கம் போச்சு, பொய் சொல்ல விரும்பல.

தொப்பி மேட்டர்ல எனக்கு வருத்தம் வேற மாதிரி. நான் சேந்தப்ப பாத்த படத்துல எல்லாம் ஸ்மித் தகட்ட மேசைல விரிச்சு வச்சு விரலால தடவி படிக்கற மாதிரிதான் இருக்கும். 2015ல சபை அந்த சாக்லேட் கலர் கல்ல போட்டோ எடுத்து வெளியிட்டப்பதான் எனக்கு முழுசா தெரிஞ்சுது. கல்லுல பிரச்சனை இல்லங்க, முன்னாடியே காட்டியிருந்தா என்ன?

லீஹை_வாசி

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும்னு நெனைக்கல. நேத்து தைரியமா தாத்தாகிட்ட கல்லு பத்தி கேட்டேன். கோவமே படல, உள்ள போய் அந்தப் போட்டோ வந்த பத்திரிகையையே எடுத்துட்டு வந்து காட்டினார். எம்மா பேட்டிய பத்தி கேக்கல, பாட்டி பக்கத்துல இருந்தாங்க.

ஒரு சின்ன டவுட். அவங்க வீட்டுக்கு வந்தப்ப நான் பாசமா ஃபில்டர் காபி டபரால ஊத்திக் குடுத்துட்டேன், ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துட்டு கைலயே வச்சுகிட்டு இருந்தாங்க, ஆறிப் போச்சு. தப்பா?

அம்மிக்கல்

அய்யோ! காபி டீ ரெண்டும் கூடாது அவங்களுக்கு, 1833ல ஸ்மித்துக்கு வந்த வெளிப்பாடுல சூடான பானம் வேணாம்னு இருக்கு, அத காபி டீன்னு அர்த்தம் எடுத்துகிட்டாங்க. அதுக்குப் பின்னாடியும் எம்மாதான் இருக்காங்க. அப்ப இவங்க இருந்த ஒஹாயோ மாநிலத்து கர்ட்லாண்டுல மாடி ரூம்ல ஆம்பளைங்க வேதம் படிக்கக் கூடுவாங்க, ஒரே பைப் புகை, மென்ன புகையிலைய தரையெல்லாம் துப்பி வைப்பாங்க, தேச்சுக் கழுவறது எம்மா. அந்தம்மா பொலம்பினதுல ஸ்மித் போய் ஜெபம் பண்ணினார், அப்ப வந்ததுதான்னு ப்ரிகாம் யங் பின்னாடி சொல்லியிருக்கார். அடுத்த தடவ பாலக் காய்ச்சி பனங்கல்கண்டு போட்டுக் குடுங்க.