சிறுநீரில் தைரோகுளோபுலின் எதிர்ப்பொருள்: எலைசா கைவிடுகிறதே?

கேள்வி: தைராய்டுப் புரதமான தைரோகுளோபுலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைச் சிறுநீரில் தேடுகிறேன். ஹாஷிமோட்டோ (நோயெதிர்ப்பு அமைப்பே தைராய்டைத் தாக்கும் நோய்) நோயாளிகளின் சிறுநீர் மாதிரியும், மாதிரி இடாத வெற்றுக் குழியும் எலைசாவில் (என்சைமை அடையாளமாக வைத்து அளக்கும் சோதனை) ஒரே அளவுதான் காட்டுகின்றன. வேறு வழி உண்டா?

பதில் 1: ஐஜிஜி (இரத்தத்தில் மிகுதியாக உள்ள எதிர்ப்பொருள் வகை) சுமார் 150 கிலோடால்டன் எடையுள்ள பெரிய மூலக்கூறு. நல்ல சிறுநீரகம் அதில் துளிதான் கசியவிடும். குழியில் சும்மா ஒட்டிக்கொள்ளும் என்சைம் அந்தத் துளியை மறைத்துவிடுகிறது. 1990களில் ஜப்பானின் மியாசாகி மருத்துவக் கல்லூரியில் இதற்குக் கையாண்டது இடமாற்ற முறை. டிஎன்பி (டைநைட்ரோஃபீனைல், பிடிப்பதற்கான சிறு வேதி அடையாளம்) சேர்த்த தைரோகுளோபுலின், பீட்டா-காலக்டோசிடேஸ் என்ற என்சைம் சேர்த்த தைரோகுளோபுலின் இரண்டையும் மாதிரியில் கலக்குங்கள். எதிர்ப்பொருளுக்கு இரண்டு கைகள்; கைக்கொன்றாகப் பிடிக்கும். டிஎன்பிக்கு எதிரான ஐஜிஜி பூசிய பாலிஸ்டைரீன் மணியில் பிடித்து, கழுவி, டிஎன்பி-லைசினால் (மணியில் டிஎன்பியின் இடத்துக்குப் போட்டியிடும் சிறு மூலக்கூறு) விடுவித்து, மனித ஐஜிஜியைப் பிடிக்கும் புது மணிக்கு மாற்றுங்கள். வெறுமனே ஒட்டிய என்சைம் பெரும்பாலும் பழைய மணியிலேயே தங்கிவிடும். சூட்சுமமே அதுதான்! பிறகு புது மணியிலுள்ள என்சைம் உண்டாக்கும் ஒளிர்வை அளக்கலாம்.

பதில் 2: மாதிரி கெடாமலிருக்கச் சோடியம் அசைடு போட்டால் காலக்டோசிடேஸுக்குப் பாதகமில்லை, எலைசாவில் வழக்கமான இன்னொரு என்சைமான பெராக்ஸிடேஸ் என்றால் வேலை செய்யாது. அடையாளம் சேர்க்காத தைரோகுளோபுலினை மிகுதியாகச் சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள். அளவு இறங்காவிட்டால் நீங்கள் பார்ப்பது எதிர்ப்பொருளே அல்ல.

கேள்வி கேட்டவர்: கிடைத்த அளவைச் சிறுநீரிலுள்ள கிரியேட்டினினால் (தசையிலிருந்து வரும் கழிவுப்பொருள்) வகுத்தால் போதுமா?

பதில் 2: நீர்த்துப்போனதை அது சரிக்கட்டும். புரதம் கசியும் சிறுநீரகத்தைச் சரிக்கட்டாது; மொத்த ஐஜிஜியையும் அளந்து விகிதம் பாருங்கள்.