செகண்ட்ஹேண்ட் நிகான் டி750: சோதனைப் படங்களில் மூன்று குறைகள் தெரிகின்றன, வாங்கலாமா?

கல்லெழுத்து (புதுக்கோட்டை):

வணக்கம். திருச்சியில் ஒரு கடையில் பழைய நிகான் டி750 கேமராவின் பாடியும் (லென்ஸ் இல்லாத உடல்) 24-120 எஃப் 4 லென்ஸும் சேர்த்து 68,000 ரூபாய்க்குச் சொல்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வரை எனக்காக எடுத்து வைப்பதாகக் கடைக்காரர் கூறியிருக்கிறார்.

எனக்கு இது கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் பதிவு செய்வதற்கு. நார்த்தாமலை, கொடும்பாளூர், குடுமியான்மலை என்று எங்கள் மாவட்டத்துக் கோயில்களில்தான் பெரும்பாலும் வேலை. மண்டபத்துக்குள் வெளிச்சம் குறைவு. அதிட்டானத்தில், அதாவது கோயிலின் அடித்தளத்தில், ஜகதி, குமுதம் என்னும் வரிசைகளில் உள்ள எழுத்துகளை எடுக்கத் தரையோடு தரையாகக் குனிய வேண்டியிருக்கும். அதனால்தான் சாய்க்கக்கூடிய திரையும் பெரிய சென்சாரும் உள்ள இந்த மாடலைத் தேடினேன்.

என் சொந்த மெமரி கார்டைக் கொண்டுபோய்க் கடைக்குள்ளேயே வைத்து எடுத்துப் பார்த்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கியபோது மூன்று விஷயங்கள் கண்ணில் பட்டன.

முதலாவது, எஃப் 16-இல் (லென்ஸின் ஒளித்துளையை மிகச் சிறிதாக்கி) வெள்ளைச் சுவரை எடுத்த படங்களில் வலப்பக்க மேல்மூலையில் மங்கலான கரும்புள்ளிகள். எஃப் 4-இல் (துளையைப் பெரிதாகத் திறந்து) எடுத்தவற்றில் அவை இல்லை.

இரண்டாவது, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறனை) ஏற்றி 1/4000 விநாடியில் எடுத்த சில படங்களில் விளிம்பை ஒட்டி இருண்ட பட்டை. ஒன்றில் மேலே இருக்கிறது, இன்னொன்றில் கீழே இருக்கிறது, சிலவற்றில் இல்லவே இல்லை.

மூன்றாவதுதான் எனக்குப் பெரிய கவலை. 120 மி.மீ.யில் வைத்து கடைப் பையனின் கண்ணில் ஃபோகஸ் செய்தால், படத்தில் கண் மங்கலாகவும் காது கூர்மையாகவும் இருக்கிறது. எல்லாப் படங்களிலும் அப்படித்தான்.

கடைக்காரர் மூன்றுக்கும் ஒரே பதில் சொல்கிறார்: "க்ளீன் செய்தால் சரியாகிவிடும்." எக்சிஃப் தகவலில் (படத்தோடு பதிவாகும் விவரத்தில்) ஷட்டர் எண்ணிக்கை 38 ஆயிரத்துச் சொச்சம் என்று இருக்கிறது. ஒரே உரிமையாளர் என்றும் சொன்னார். என்ன செய்யலாம்?

ஒளியும் நிழலும்:

நண்பரே, மூன்றும் மூன்று இடத்துப் பிரச்சினைகள். ஒன்று சென்சார் முன்னால், ஒன்று ஷட்டரில் அல்லது கடை விளக்கில், ஒன்று ஃபோகஸ் அமைப்பில். எதையும் சுத்தம் செய்யாமலேயே எது எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம்.

புள்ளிகளுக்குக் கவலை வேண்டாம். சென்சாருக்கு முன்னால் இருக்கும் கண்ணாடித் தகட்டில் படிந்த தூசி அது. துளையைச் சிறிதாக்கினால் ஒளி ஒடுங்கிய கற்றையாக வருவதால் தூசியின் நிழல் அழுத்தமாக விழும். எஃப் 4-இல் ஒளி பல கோணங்களிலிருந்து வருவதால் நிழல் கரைந்துவிடும். லென்ஸின் முன்கண்ணாடியில் தூசி இருந்தால் இப்படிப் புள்ளியாகத் தெரியாது. உறுதிப்படுத்த, ஜூமை மாற்றியும் வேறு லென்ஸைப் போட்டும் எஃப் 16-இல் எடுங்கள். அதே இடத்தில் அதே புள்ளி நின்றால் சென்சார் தூசிதான். ரப்பர் ஊதுபந்தால் போகாமல் வட்டமாக ஒட்டிக்கொண்டிருந்தால் எண்ணெய்த் துளியாக இருக்கலாம். அதற்கு ஈரச் சுத்தம் தேவைப்படும்.

சுத்தம் செய்யும்போது உடனிருந்து பார்த்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: படத்தின் மேல்பகுதியில் தெரிவது சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். லென்ஸைக் கழற்றி முன்னாலிருந்து உள்ளே பார்க்கும்போது உங்கள் புள்ளிகள் வலப்பக்கக் கீழ்மூலையில் இருக்க வேண்டும். வாயால் ஊத மட்டும் விடாதீர்கள்.

பட்டையைப் பற்றி முதலில் ஒரு கேள்வி. கடைக்குள் என்ன விளக்கு?

கல்லெழுத்து:

முழுவதும் எல்இடி டியூப் விளக்குகள். வாசலைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை.

ஒளியும் நிழலும்:

அப்படியானால் ஷட்டரின் மேல் இப்போதே பழி போட வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மலிவான எல்இடி விளக்குகள் அதனால் விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கி எரியும், அதாவது 10 மில்லி விநாடிக்கு ஒரு சுற்று. 1/4000-இல் சென்சார் முழுவதும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஷட்டரின் இரண்டு திரைகளுக்கு நடுவே ஒரு மெல்லிய இடைவெளி மட்டும் ஏறத்தாழ 4 மில்லி விநாடியில் படத்தைக் கடந்து போகும். அந்தப் பயணத்துக்குள் விளக்கு மங்கினால், அந்த நேரத்தில் இடைவெளி எங்கே இருந்ததோ அங்கே படம் இருளும். அடுத்த படத்தில் விளக்கின் சுற்று வேறு கட்டத்தில் இருக்கும், பட்டையும் இடம் மாறும். உங்கள் படங்களில் பட்டை மேலும் கீழுமாக அலைகிறது என்றீர்கள். பழுதான ஷட்டராக இருந்தால் பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் காட்டும்.

ஆனாலும் இந்த மாடலில் சோதிக்காமல் விடக்கூடாது. டி750 வந்தது 2014 செப்டம்பரில். 2015-இல் நிகான் நிறுவனமே, சில காலகட்டங்களில் தயாரான கேமராக்களில் ஷட்டர் சரியாக இயங்காமல் படத்தின் ஒரு பகுதி நிழலடிக்கலாம் என்று அறிவித்து இலவசமாக மாற்றிக் கொடுத்தது. பிறகு அந்த வரம்பை விரிவாக்கவும் செய்தது. பாடியின் அடியில் உள்ள சீரியல் எண்ணை நிகான் தளத்தில் போட்டுப் பாருங்கள். அதற்கு முன்பே ஒளிச்சிதறல் தொடர்பாக வேறோர் அறிவிப்பும் வந்தது. அதற்காகச் சரிசெய்யப்பட்ட கேமராக்களில் ட்ரைபாட் திருகும் துளைக்குள் ஒரு சிறு கரும்புள்ளி இட்டிருப்பார்கள்.

சோதனை எளிது. கேமராவை வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். நிழல் விழாத சுவரையோ மேகமற்ற வானத்தையோ எஃப் 8-இல் வைத்து, 1/250-இல் தொடங்கி 1/4000 வரை, ஐஎஸ்ஓவை மட்டும் ஏற்றிக்கொண்டு எடுங்கள். 1/4000-இல் நிறையவே எடுங்கள். இடைவெளி அவ்வளவு மெல்லியதாக இருப்பதால், ஒரு திரை இம்மி பிந்தினாலும் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும். நான்கு மூலையும் சமமாக இருண்டால் அது லென்ஸின் இயல்பு, குறையில்லை.

பழுதுபார்ப்பவர் (மதுரை):

கேமரா சர்வீஸ் என் தொழில். மேலே நண்பர் சொன்னது சரி. ஃபோகஸைப் பற்றி நான் சொல்கிறேன்.

டிஎஸ்எல்ஆரில் (இதுபோல் உள்ளே ஆடிக் கண்ணாடி உள்ள கேமராவில்) வியூஃபைண்டர் வழியாகப் பார்க்கும்போது ஃபோகஸை அளப்பது சென்சார் அல்ல. அந்த ஆடிக்குப் பின்னால் இருக்கும் சிறு ஆடி ஒளியைக் கீழே திருப்பி, அடியில் உள்ள தனிக் கருவிக்கு அனுப்புகிறது. அந்தப் பாதையின் நீளமும் சென்சாருக்குப் போகும் பாதையின் நீளமும் மயிரிழை மாறினாலும் ஃபோகஸ் முன்னேயோ பின்னேயோ விழும். எந்தக் கம்பெனி டிஎஸ்எல்ஆருக்கும் இது பொருந்தும். லைவ் வ்யூவில், அதாவது பின்திரையில் பார்த்து எடுக்கும்போது, சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தச் சிக்கல் வராது.

ஆகவே ஒரே பொருளை ட்ரைபாடில் வைத்து, 120 மி.மீ., எஃப் 4-இல், வியூஃபைண்டர் வழியாக ஒன்று, லைவ் வ்யூவில் ஒன்று எடுங்கள். ஆளை வைத்து வேண்டாம், ஆள் ஆடுவார். ஒரு புத்தக அட்டையை நேராக நிறுத்தி, பக்கத்தில் ஒரு அடிக்கோலைச் சாய்த்து வையுங்கள். லைவ் வ்யூ படமும் மங்கலாக இருந்தால் லென்ஸிலேயே கோளாறு, எடுக்காதீர்கள். லைவ் வ்யூ கூர்மையாக இருந்து மற்றது பின்னால் விழுந்தால், செட்டப் மெனுவில் ஏஎஃப் ஃபைன் ட்யூன் என்று இருக்கும், அதில் கூட்டல் கழித்தல் 20 வரை திருத்தலாம்.

இங்கே முக்கியமான ஒன்று. திருத்தம் செய்வதற்கு முன் அந்த மெனுவில் ஏற்கெனவே ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய உரிமையாளர் தன்னிடமிருந்த வேறொரு 24-120 லென்ஸுக்காகப் போட்ட எண்ணாக இருக்கலாம். கேமரா லென்ஸின் வகையைத்தான் அடையாளம் காணும். அதே வகையில் எந்த லென்ஸைப் போட்டாலும் பழைய எண்ணையே பயன்படுத்தும். கூட்டல் எண் ஃபோகஸைப் பின்னால் தள்ளும். கண்ணுக்குப் பதில் காது கூர்மையாவது அதனுடன் பொருந்துகிறது.

ஷட்டர் எண்ணிக்கை 38 ஆயிரம் என்பதை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். இந்த ஷட்டர் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டது, ஆகவே எண் நல்ல எண்தான். ஆனால் வீடியோவுக்கு ஓடிய கேமராவில் மணிக்கணக்கில் வேலை நடந்திருந்தாலும் எண்ணிக்கை ஏறாது. கல்யாண வீடியோ எடுத்த பாடி எத்தனையோ என் மேசைக்கு வந்திருக்கிறது. பொதுவாக அடித்தகட்டில் ட்ரைபாட் தகடு உரசிய வட்டத் தேய்மானம் இருக்கும், எச்டிஎம்ஐ துளை தளர்ந்திருக்கும், பக்கவாட்டு ரப்பர் மூடி நீண்டு தொங்கும். கைப்பிடி ரப்பர் உப்பியிருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள். பேட்டரியின் வயதை மெனுவிலேயே பேட்டரி தகவலில் 0 முதல் 4 வரை காட்டும். 4 என்றால் புது பேட்டரி விலையைக் கழிக்கச் சொல்லுங்கள்.

நாகைக் கடலோரம்:

எல்லோரும் பாடியையே பார்க்கிறீர்கள், லென்ஸுக்குள் பார்த்தீர்களா? எங்கள் ஊர்க் காற்றில் ஒரு மழைக்காலம் பையில் கிடந்தால் போதும், பூஞ்சை வந்துவிடும்.

லென்ஸைக் கழற்றி இரண்டு மூடிகளையும் எடுங்கள். இது ஜி வகை லென்ஸ் என்பதால் துளைக்கான வளையம் இருக்காது. பின்பக்க வட்டத்தின் உள்விளிம்பில் சிறு உலோக நெம்புகோல் இருக்கும். அதை விரல்நுனியால் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்தால் துளை முழுவதும் திறக்கும். பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்னாலிருந்து பாருங்கள், பிறகு திருப்பியும் பாருங்கள். தூசி தனித்தனிப் புள்ளியாக இருக்கும், பரவாயில்லை. பூஞ்சை கிளைவிட்டு ஓடும், சிலந்தி நூல் மாதிரி. முகர்ந்தும் பாருங்கள், பூட்டிக் கிடந்த அலமாரி வாசனை அடித்தால் நல்லதல்ல.

கல்லெழுத்து:

மிக்க நன்றி. மீண்டும் கடைக்குப் போய்வந்தேன். கடைக்காரரும் பொறுமையாக எல்லாவற்றுக்கும் அனுமதித்தார்.

வெயிலில் 1/4000-இல் பட்டை ஒரு படத்தில்கூட இல்லை. கடைக்குள் கொண்டுபோய் அதே அமைப்பில் எடுத்தால் உடனே வருகிறது. சீரியல் எண் அறிவிப்பின் வரம்பில் இல்லை. ட்ரைபாட் துளைக்குள் கரும்புள்ளியும் இல்லை.

ஏஎஃப் ஃபைன் ட்யூன் மெனுவில் இந்த லென்ஸுக்கு +14 என்று பதிவாகியிருந்தது! அதை அணைத்துவிட்டு எடுத்தேன், அட்டையில் வைத்த ஃபோகஸ் அட்டையிலேயே நிற்கிறது. லைவ் வ்யூ படத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

அடித்தகட்டில் தேய்மானம் இல்லை. பேட்டரி வயது 1.

ஆனால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, லென்ஸின் நடுப்பகுதியில் உள்ள கண்ணாடி ஒன்றில் ஓரத்திலிருந்து மெல்லிய கிளைகள் புறப்பட்டு உள்நோக்கி வருகின்றன. ஒரு கிளை மையத்தை நெருங்கிவிட்டது. படங்களில் ஒன்றும் தெரியவில்லையே, விலையைக் குறைத்து எடுத்துக்கொள்ளலாமா?

பழுதுபார்ப்பவர் (மதுரை):

ஓரத்தில் மட்டும் இருந்தால் குறைத்து எடுங்கள் என்றே சொல்லியிருப்பேன். எத்தனையோ பேர் அப்படிப்பட்ட லென்ஸில் நல்ல படம் எடுக்கிறார்கள். முன்கண்ணாடி, பின்கண்ணாடி என்றால் கழற்றித் துடைப்பதும் எளிது. நடுக் கண்ணாடி என்றால் லென்ஸைப் பாதிக்குமேல் பிரிக்க வேண்டும், பிறகு மையம் பிசகாமல் அடுக்க வேண்டும். பூஞ்சை மேற்பூச்சைத் தின்றிருந்தால் துடைத்த பிறகும் தடம் நிற்கும். சரியாகிவிடும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

நாகைக் கடலோரம்:

வேண்டவே வேண்டாம். அது வளரும்.

ஒளியும் நிழலும்:

உங்கள் வேலையை வைத்தும் பாருங்கள். கல்வெட்டு எடுப்பதற்குப் பக்கவாட்டிலிருந்து சாய்வாக ஒளி அடிப்பீர்கள், அப்போதுதான் வெட்டின் பள்ளத்தில் நிழல் நின்று எழுத்து எழும்பும். அந்த ஒளி கொஞ்சம் லென்ஸின் மேலும் பட்டுவிடும். சுத்தமான கண்ணாடி அதைத் தாங்கும். பூஞ்சை படிந்த கண்ணாடியில் ஒளி சிதறி, படம் முழுவதும் வெளுத்த திரை போட்டதுபோல் ஆகும். கறுப்பாக இருக்க வேண்டிய பள்ளம் சாம்பலாகிவிட்டால், தேய்ந்த கல்லில் ஓர் எழுத்துக்கும் இன்னொன்றுக்கும் வேறுபாடு சொல்ல முடியாது. கடைச் சுவரை எடுத்த படத்தில் இது தெரியாது. பாடி நன்றாக இருக்கிறது, அதை மட்டும் விலை பேசுங்கள்.

கல்லெழுத்து:

பாடி மட்டும் 46,000-க்கு முடிந்தது. சென்சாரை என் கண் முன்னாலேயே ஊதுபந்தால் சுத்தம் செய்தார், புள்ளிகள் வலப்பக்கக் கீழ்மூலையில்தான் இருந்தன. பாடியின் சீரியல் எண்ணைப் பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். இப்போதைக்கு என்னிடம் ஒரு 50 மி.மீ. எஃப் 1.8 இருக்கிறது. கல்வெட்டுக்குத் தனியாக 60 மி.மீ. மைக்ரோ (மிக நெருங்கி எடுக்கும் லென்ஸ்) பார்க்கலாமா?

ஒளியும் நிழலும்:

பார்க்கலாம், அவசரமில்லை. 50-ஐ எஃப் 8-இல் வைத்து லைவ் வ்யூவில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தால் குமுதத்து வரிகளுக்குப் போதும். ஓரெழுத்தின் வெட்டு முனைவரை நெருங்க வேண்டுமென்றால்தான் மைக்ரோ. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோயில்களில் ட்ரைபாடுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், அந்தக் கடிதத்தை முதலில் போடுங்கள்.

நாகைக் கடலோரம்:

மூடி இறுகப் பொருந்தும் பிளாஸ்டிக் டப்பா ஒன்று, சிலிக்கா ஜெல், ஒரு சிறு ஈரப்பத மானி. உள்ளே 40 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கட்டும். மணிகளின் நிறம் மாறியதும் வறுத்தெடுத்து மறுபடி போடுங்கள்.