பேண்ட்வித் நிறைய மிச்சம், ஆனாலும் வரிகள் பிசகுகின்றன (ஆர்பி2040, விஜிஏ)

கேள்வி

ஆர்பி2040 என்ற இரண்டு கோர் மைக்ரோகன்ட்ரோலர் சிப்பில் 640×480 விஜிஏ (பழைய மானிட்டர் இணைப்பு) எழுத்துத் திரை செய்துகொண்டிருக்கிறேன். வரிக்கு 80 எழுத்து, ஒவ்வொன்றும் 8×16 பிக்சல். பிக்சலுக்கு ஒரு பைட் என்றால் ஒரு ஃபிரேமுக்கே 3,07,200 பைட் வேண்டும். சிப்பில் இருக்கும் ரேமோ 264 கேபி. அதனால் ஒரு பிக்சல் வரியை மட்டும் பிடிக்கும் தற்காலிக இடம் (வரி பஃபர்) இரண்டே இரண்டு. ஒன்றை டிஎம்ஏ (கோரின் உதவியில்லாமல் தரவை நகர்த்தும் பகுதி) பிஐஓவுக்கு (பின்களில் சிக்னலை வெளியே விடும் பகுதி) அனுப்பும்போது இரண்டாவது கோர் மற்றதில் அடுத்த வரியை வரையும்.

தனியாக ஓடினால் படம் கல் மாதிரி நிற்கிறது. முதல் கோரில் என் பேசிக் மொழி இன்டர்பிரட்டர் ஓட ஆரம்பித்ததும் அங்கங்கே வரிகள் பிசகி, எழுத்தெல்லாம் பல் உடைந்த சீப்பாகிவிடுகிறது. ஆனால் படம் நகரவில்லை, சிங்க் (வரியும் ஃபிரேமும் எங்கே தொடங்குகின்றன என்று மானிட்டருக்குச் சொல்லும் சிக்னல்) சரியாகவே இருக்கிறது.

பிக்சல் கிளாக் 25 மெகாஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 25 எம்பி. 125 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 32 பிட் பஸ்ஸுக்கு (சிப்பின் உள் தரவுப் பாதை) இதெல்லாம் கொசு. டிஎம்ஏவுக்கு பஸ்ஸில் முன்னுரிமையும் கொடுத்துப் பார்த்தேன், ஒரு மாற்றமும் இல்லை. அப்படியானால் நேரத்தை யார் தின்கிறார்கள்?

பதில் 1

250க்கு ஓவர்கிளாக் செய்யுங்கள். வேலை முடிந்தது.

பதில் 2

முடியாது. கிளாக்கை இரட்டிப்பாக்கினால் நிரல் கிடக்கும் ஃபிளாஷ் மெமரி தாங்க அதன் டிவைடரையும் (கிளாக்கை எத்தனையால் வகுப்பது என்ற எண்) 2லிருந்து 4 ஆக்க வேண்டிவரும். கோர் வேகமாகும், ஃபிளாஷ் இருந்த இடத்திலேயே இருக்கும். சிக்கலே ஃபிளாஷில்தான் என்று நினைக்கிறேன்.

நண்பரே, உங்கள் எழுத்துரு அட்டவணையை கான்ஸ்ட் (மாறாத தரவு) என்று எழுதியிருக்கிறீர்களா? அப்படியானால் அது ஃபிளாஷில்தான் கிடக்கிறது. முழு அட்டவணை 4 கேபி. 16 கேபி கேஷில் (ஃபிளாஷிலிருந்து படித்ததை வைத்துக்கொள்ளும் வேக மெமரி) சுலபமாக அடங்கும். அதனால்தான் தனியாக ஓடும்போது படம் நிற்கிறது. ஆனால் அந்தக் கேஷ் இரண்டு கோருக்கும் பொது. இன்டர்பிரட்டர் வந்து அதில் உட்கார்ந்ததும் எழுத்துரு வெளியே தள்ளப்படுகிறது. கேஷில் இல்லாத ஒவ்வொரு பைட்டுக்கும் ஃபிளாஷ் வரை போய்வர ஏறத்தாழ 50 கிளாக் சுழற்சி ஆகும். ஒரு வரியில் 80 எழுத்தும் அப்படி மாட்டினால் 4,000 சுழற்சி. உங்கள் வரி, திரையில் தெரியாத இடைவெளியும் சேர்த்து, மொத்தமே 800 பிக்சல், பிக்சலுக்கு 5 சுழற்சி: அதுவும் 4,000தான்! வரைய நேரமே மிஞ்சாது. டிஎம்ஏ பாவம், நேரத்துக்கு வந்து பஃபரில் கிடந்த பழைய வரியை எடுத்துக்கொண்டு போகிறது.

சராசரியை வைத்துக் கணக்குப் போட்டால் இது கண்ணில் படாது. இதே மாதிரி ஒரு கோளாறுக்கு நான் மானிட்டருக்கு நிற மின்னழுத்தம் தரும் மின்தடை ஏணியை இரண்டு தடவை பிரித்து சால்டர் செய்தேன், வெட்கக்கேடு. வரைய ஆரம்பிக்கும்போது ஒரு பின்னை உயர்த்தி, முடிந்ததும் தாழ்த்தி, ஸ்கோப்பில் மிக நீளமான துடிப்பைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

பார்த்தேன். வழக்கமாக 12 மைக்ரோவிநாடி. இன்டர்பிரட்டர் ஓடும்போது சில வரிகள் 34! வரிக்கு இருப்பதே 32. கான்ஸ்டை எடுத்து அட்டவணையை ரேமுக்கு மாற்றினேன், பெரும்பாலான பிசகு போய்விட்டது. எப்போதாவது ஒரு வரி மட்டும் இன்னும் துள்ளுகிறது. அட்டவணையை 4 கேபி ஸ்கிராட்ச் பேங்க்கில் (ரேமின் தனிச் சிறு பகுதி) வைத்தால் சரியாகுமா?

பதில் 2

அளவு ஆசை காட்டும், ஆனால் எஸ்டிகே (சிப்பின் மென்பொருள் தொகுப்பு) வழக்கப்படி கோர்களின் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிகத் தரவு இடம்) அங்கேதான் இருக்கிறது. 96 எழுத்து மட்டும் போதுமென்றால் 1,536 பைட், அது இடித்துக்கொண்டு உட்காரும். ஆனால் மிச்சத் துள்ளலுக்குக் காரணம் வேறாக இருக்கலாம்: வரையும் ஃபங்ஷனும் டிஎம்ஏ இன்டரப்டும் (டிஎம்ஏ ஒரு வரியை முடித்ததும் ஓடும் கோடு) எங்கே இருக்கின்றன? அட்டவணைக்குச் சொன்னதெல்லாம் கோடுக்கும் பொருந்தும். இரண்டையும் ரேமுக்கு மாற்றுங்கள். அவை கூப்பிடும் குட்டி ஃபங்ஷன்களை மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்.

கேள்வி கேட்டவர்

குட்டி ஃபங்ஷன்தான்! மெம்செட் மாதிரி நானே எழுதிவைத்த ஒன்று ஃபிளாஷிலேயே இருந்தது. இப்போது எந்த வரியும் 13ஐத் தாண்டவில்லை. அப்புறம் எதிர்பாராத லாபம் ஒன்று: பேசிக் நிரலை ஃபிளாஷில் சேமிக்கும்போது (எழுதும்போது ஃபிளாஷைப் படிக்க முடியாது) முன்பெல்லாம் இரண்டாவது கோரை நிறுத்தவேண்டியிருந்ததால் திரை ஒரு கணம் இருண்டு திரும்பும். இப்போது அந்தக் கோர் ஃபிளாஷைத் தொடுவதே இல்லை, அழித்து எழுதி முடிக்கும்வரை படம் அப்படியே நிற்கிறது.

பதில் 1

சரி, ஓவர்கிளாக்கை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.