மஞ்சள் லேபிள் ஸ்டாக்ஸ் சிங்கிள்: 1966-ஆம் ஆண்டின் முதல் அச்சா?

கேள்வி, திருவல்லிக்கேணியிலிருந்து:
வணக்கம். மூர் மார்க்கெட் பக்கத்துப் பழைய இசைத்தட்டுக் கடையொன்றில், 1966-ஆம் ஆண்டின் முதல் அச்சு என்று சொல்லி, ஸ்டாக்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின், மஞ்சள் லேபிள் (தட்டின் நடுவே ஒட்டும் வட்டக் காகிதம்) கொண்ட சிங்கிள் (பக்கத்துக்கு ஒரு பாட்டுள்ள சிறு தட்டு) ஒன்றை என் தலையில் கட்டிவிட்டார்கள். உண்மையை எப்படி அறிவது?

மறுமொழி 1:
ஐயா, நிறமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. மெம்பிஸ் நகரத்து ஸ்டாக்ஸ், 1968-இல் அட்லாண்டிக் இசைத்தட்டு நிறுவனத்துடனான விநியோக உறவு முறியும் வரை, தன் சிங்கிள்களை வெளிர்நீல லேபிளோடு வெளியிட்டது. விரல் சொடுக்கும் கை பொறித்த மஞ்சள் லேபிள் அதற்குப் பின் வந்தது. பழைய ஒலிப்பதிவுகளின் உரிமையோ அட்லாண்டிக்கிடமே தங்கிவிட்டது.

மறுமொழி 2:
நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கள்ளப் பதிப்பாளர்கள் லேபிளை அப்படியே நகலெடுப்பார்கள். தட்டை விளக்கொளியில் சாய்த்து, பாட்டு முடியும் இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவிலுள்ள வெற்று வளையத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். முக்கோணக் குறியும் அதையடுத்து எண்ணும் கீறப்பட்டிருந்தால், அது லாஸ் ஏஞ்சல்ஸின் மோனார்க் என்ற இசைத்தட்டு அச்சு ஆலையைக் குறிக்கும். அந்த எண்கள் வரிசையாக ஏறிக்கொண்டே போனதால் காலத்தையும் ஏறத்தாழக் கணிக்கலாம். லேபிள் எழுத்துகள் ஓரம் மங்கிப் புள்ளிபுள்ளியாகத் தெரிந்தால், நகலென்று சந்தேகிக்க வேண்டியதுதான்.

கேட்டவர்:
பார்த்தேன். முக்கோணம் இருக்கிறது, எழுத்துகளும் கூர்மையாகவே உள்ளன. ஆக, தட்டு அசல். கடைக்காரர் சொன்ன ஆண்டுதான் பொய்.