ஒரே ஸ்லைடில் கண்டல் மகரந்தமும் டைனோசர் காலத்து மகரந்தமும்: இந்தக் களிமண்ணுக்கு என்ன வயது?

கேள்வி:
கழிமுகத்தில் துளையிட்டு எடுத்த சாம்பல்நிறக் களிமண், 12 மீட்டர் ஆழம். ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃப்ளூரிக் அமிலங்களில் கரைத்து, சலித்து, ஸ்லைடு போட்டேன். கண்டல் மகரந்தம் கொட்டிக் கிடக்கிறது. டைனோசிஸ்ட்களில் (டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிரிகளின் புதைபடிவ உறைகள்) ஸ்பினிஃபெரைட்டிஸ் என்ற வகைதான் மிகுதி. நடுவே ஐங்கோண உடலும் மூலைக்கொம்புகளுமாக ஒன்பது அபெக்டோடினியம், அதுவும் டைனோசிஸ்ட்தான்! 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன், பேலியோசீன்–இயோசீன் எல்லையில் கொடிகட்டிப் பறந்த இனம் அது. போதாக்குறைக்கு டைனோசர் காலத்து ஊசியிலை மரங்களின் மகரந்தமான கிளாசோபோலிஸ் இரண்டு. பாத்திரங்களைச் சரியாகக் கழுவவில்லையோ?

பதில் 1:
பாத்திரத்தின் மேல் பழி போடாதீர்கள். ஆறு பழைய பாறையை அரித்துக் கொண்டுவந்து கொட்டியிருக்கும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்துக்கே அசையாத மகரந்த, சிஸ்ட் சுவருக்கு ஆற்றுப் பயணம் எம்மாத்திரம்? மண்ணின் வயதை இருப்பவற்றில் இளையதைக் கொண்டுதான் சொல்ல வேண்டும். ஆனால் துளையின் மேற்பகுதி சரிந்து விழுந்தாலும் இளையது கீழே வந்துவிடும். எடுத்தது முழு உருளையா, துளைத்தூளா?

கேட்டவர்:
முழு உருளை. வெளிப்புறத்தைச் சுரண்டிவிட்டு நடுவிலிருந்துதான் எடுத்தேன்.

பதில் 2:
அவசரப்பட வேண்டாம். உங்கள் பட்டியலில் இளையது எது? ஸ்பினிஃபெரைட்டிஸ் டைனோசர்களின் கடைசிக் காலமான கிரெட்டேசியஸ் தொட்டு இன்றுவரை இருக்கிறது. வயது சொல்ல உதவாது. கண்டல் மகரந்தமும் இயோசீனிலேயே தொடங்கிவிடுகிறது. புற ஊதா ஒளியில் பாருங்கள். புதிய மகரந்தம் பளிச்சென்று ஒளிரும். புதைந்து சூடேறிய பழையது மங்கும். சஃப்ரானின் சாயத்தையும் இரண்டும் ஒரே மாதிரி ஏற்பதில்லை. சூரியகாந்திக் குடும்பத்தின் முள்ளுருண்டை மகரந்தத்தையும் தேடுங்கள். அது மயோசீனிலிருந்துதான் (சுமார் 2.3 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலம்) பரவலாகக் கிடைக்கிறது.

கேட்டவர்:
பார்த்தேன். கண்டல் மகரந்தமும் ஸ்பினிஃபெரைட்டிசும் பச்சைமஞ்சளாக ஒளிர்கின்றன. கிளாசோபோலிஸ் மங்கிய காவி. அபெக்டோடினியம் சாதாரண ஒளியிலேயே தேநீர் நிறம். கொம்புகளில் பாதி முறிந்திருக்கிறது. முள்ளுருண்டை நான்கு கிடைத்தது, நான்கும் நன்றாக ஒளிர்கின்றன. அப்படியானால் மயோசீனோ அதற்குப் பிந்தையதோதான். களிமண்ணை அப்படியே ரேடியோகார்பன் முறையில் வயது காண அனுப்பட்டுமா?

பதில் 2:
வேண்டவே வேண்டாம்! ஆறு கொண்டுவந்த பழைய கரியும் அதில் கலந்திருக்கிறது. அதில் கதிரியக்கக் கார்பன் துளியும் மிஞ்சியிராது. உண்மை வயதைவிடக் கூடுதலாகக் காட்டிவிடும். நானும் ஒருமுறை அப்படி அனுப்பி ஏமாந்தவன்தான். அமிலம் தொடாத மண்ணை வெறும் நீரில் சலித்து, இலையோ விதையோ தேடுங்கள். வயது சுமார் 50,000 ஆண்டுகளைத் தாண்டினால் அந்த முறையும் கைவிட்டுவிடும். ஆக்சிஜனேற்றம் செய்தீர்களா? செய்திருந்தால் புரோட்டோபெரிடினியம் என்ற டைனோஃபிளாஜெல்லேட்டின் பழுப்பு நிற சிஸ்ட்கள் கரைந்திருக்கும். அவை இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கேட்டவர்:
நைட்ரிக் அமிலத்தில் ஐந்து நிமிடம் வைத்தேன். மிச்ச மண்ணில் அந்தப் படியை விட்டுவிட்டு மறுபடி செய்கிறேன். சல்லடையில் நகக்கண் அளவு இலைத்துணுக்கு ஒன்று சிக்கியது. நடுநரம்பு தெளிவாகத் தெரிகிறது. ஆய்வகத்துக்கு அதையே அனுப்புகிறேன்.