பாரிட்டி பிட் இருந்தும் பிழை பிடிபடாதது ஏன்?

கேள்வி: வணக்கம். நான் பதினோராம் வகுப்பு மாணவி. ஆங்கில எழுத்தான ‘சி’யின் ஆஸ்கி எண் (கணினியில் எழுத்துக்குரிய குறியீட்டு எண்) 67, அதாவது இரும எண்ணில் 1000011. இதில் மூன்று ஒன்றுகள் இருப்பதால், ஒன்றுகளின் மொத்த எண்ணிக்கையை இரட்டைப்படையாக்கும் ‘இரட்டைப்படைப் பாரிட்டி’ முறையில் முன்னால் ஒரு 1 சேர்த்து 11000011 என்று எழுதினேன். பிறகு சோதனைக்காக இரண்டு பிட்டுகளை (0, 1 என்ற இலக்கங்களை) மாற்றி 11000101 ஆக்கினால், பிழையே இல்லை என்று விடை வருகிறது. எங்கே தவறினேன்?

மறுமொழி 1: நீங்கள் எங்கும் தவறவில்லை, தங்கையே, தவறு அந்த முறையின் இயல்பிலேயே உள்ளது. பாரிட்டி பிட் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையா என்பதை மட்டுமே பார்க்கும். ஒரு பிட் புரண்டால் அது ஒற்றைப்படையாகிப் பிழை தெரிந்துவிடும். இரண்டு புரண்டால் மீண்டும் இரட்டைப்படையே. உங்கள் ‘சி’, 69 என்ற எண்ணுக்குரிய ‘இ’யாக மாறியும் சோதனையில் தேறிவிட்டது.

மறுமொழி 2: இதனால்தான் கணினிகளைக் கம்பிவழி இணைக்கும் ஈதர்நெட் வலையமைப்பில் ஒவ்வொரு ஃபிரேமின் (தரவுத் தொகுதியின்) இறுதியிலும் சிஆர்சி எனப்படும் 32 பிட் சரிபார்ப்பு மதிப்பு சேர்க்கப்படுகிறது. பெறும் கருவி அதைத் தானும் கணக்கிட்டுப் பார்த்து, பொருந்தாவிட்டால் ஃபிரேமைத் தள்ளிவிடும். மறுபடி அனுப்பச் செய்வது டிசிபி என்ற தரவுப் பரிமாற்ற நெறிமுறையின் வேலை.

கேள்வி கேட்டவர்: நன்றி. பிழையைத் திருத்தவும் முடியுமா?

மறுமொழி 1: முடியும். அமெரிக்கக் கணிதவியலாளர் ரிச்சர்ட் ஹாமிங் 1950-இல் வெளியிட்ட குறியீட்டு முறை அதற்கானதே. சர்வர்களில் உள்ள, பிழை திருத்தும் இசிசி நினைவகத்தில் பொதுவாக 64 தரவு பிட்டுகளுக்கு 8 கூடுதல் பிட்டுகள் உண்டு. ஒரு பிட் புரண்டால் திருத்தும், இரண்டு புரண்டால் கண்டறிய மட்டும் செய்யும். அடுத்ததாக ஹாமிங் முறையைத் தாளில் போட்டுப் பாருங்கள்.